கிளாரினெட்டில் பழைய காந்தாரம்

வெய்சியின் தலைக்கு விலை முந்நூறு குருஷ் வெள்ளிக்காசு. இசைக்கருவி வியாபாரி கராபெத்தாகிய என் கடையில் அவன் கடனுக்கு வாங்கிய கிளாரினெட்டின் விலையும் அதேதான்.

சுல்தான் தன் பழைய காலாட்படையான ஜானிசரிப் படையை ஒழித்தபோது அதன் மேளக்கூட்டத்தையும் சேர்த்தே ஒழித்தார். இஸ்தான்புல்லில் அந்தக் கூட்டத்தில் சுர்னா என்கிற நாதஸ்வரம் போன்ற குழலை ஊதினவன் என்று தெரிந்தாலே காவலர்கள் வாசலில் நிற்பார்கள்; காட்டிக்கொடுப்பவனுக்கு முந்நூறு குருஷ். வெய்சி ஊதினவன்தான். எனக்கு மட்டும் தெரிந்த அதை மறைத்து, ஐரோப்பிய பாணியில் அமைந்த புது பேண்டில் சேர வந்திருந்தான். கடன் கொடுத்தவன் வீட்டில் உட்கார்ந்திருப்பானா? தேர்வைப் பார்க்க நானும் போனேன்.

"முதலாளி, உள்ளங்கை வேர்க்குது."

"வாயாலதானே ஊதப்போற? துடைச்சிட்டுப் போடா."

பேண்டின் வெளிநாட்டு வாத்தியார் எழுதிய புது மார்ச், படை நடைக்கான பாட்டு. முதல் வரி சுத்தமாக வந்தது. இரண்டாம் வரியில் காந்தாரம். வாத்தியாரின் பியானோவில் அதற்கு ஒரே கட்டை. வெய்சியின் உதடோ பழைய மேளக்கூட்டத்தின் ரஸ்த் ராகத்திலேயே ஊறின உதடு. சுரத்தை மயிரிழை கீழே இழுத்துவிட்டது. அடுத்த சுற்றிலும் இழுத்தது. புதுப் பாட்டுக்குள் பழைய படை நடக்க ஆரம்பித்தது. தேர்வுக்கு வந்திருந்த படைத்தளபதி பாஷாவின் பூட்ஸ் தன்னையறியாமல் தாளம் போட்டது. சட்டென்று காலை நிறுத்தினார். முகம் கறுத்தது.

"இதை எங்கேடா கத்துக்கிட்ட?"

வெய்சி என்னைப் பார்த்தான்.

"நான் சரியாத்தான் ஊதுறேன், பாஷா. கருவிதான் கோணல். கராபெத் முதலாளி என் தலையில கட்டிட்டாரு."

படுபாவி! தாத்தா காலத்திலிருந்து எங்கள் கடையில் 'பழுது' என்ற சொல்லே கிடையாது. ஓட்டை இருந்தால்கூட "புது மோஸ்தருங்க" என்போம். 'கருவி நல்ல கருவி' என்று நான் வாயைத் திறந்தால் கடை பிழைக்கும், அவன் தலை உருளும்.

பாஷா என் பக்கம் திரும்பினார். "என்னய்யா, நிஜமா?"

"மரம் ஈரத்துல உப்பிடுச்சு, பாஷா. காந்தாரம் கீழே தொங்குது. விக்கிறப்பவே தெரியும்."

பாஷா வெடித்துச் சிரித்தார். "வியாபாரி தன் சரக்கைத் தானே பழிக்கிறான்னா அது சத்தியமாத்தான் இருக்கும்! அவனுக்கு வேற கருவி கொடுங்கப்பா."

காந்தாரம் இறங்கிவிடாதபடி வெய்சி உதட்டை இறுக்கிக்கொண்டு ஊதினான். வேலை கிடைத்தது.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கடைக்கு வருகிறான். கதவைச் சாத்திக்கொண்டு, யாரும் வாங்காத அந்தக் கிளாரினெட்டில் ரஸ்த் ஊதுகிறான். தெருவில் காலடி கேட்கும்போதெல்லாம் இருவருக்கும் மூச்சு நின்றுவிடுகிறது.

செலவு: முந்நூறு குருஷ், தாத்தா சேர்த்த பெயர். வரவு: ஒரு தலை, வாரம் ஒரு காந்தாரம். முந்நூறுக்கு முந்நூறு என்று தலையைக் கழித்தாலும், போன பெயர் இன்னும் பாக்கி.