வராத மாதத்துக்கும் டிக்

உலகத்து நோய்களில் பாதி, போய்ப் பரிசோதித்துக்கொண்டதால் வந்தவை. லிஃப்ட் மெக்கானிக் இதைப் பதினெட்டு வருடமாகச் சொல்லி வருகிறார்; இதுவரை ஒருவரும் மறுத்ததில்லை. மறுக்கிற அளவுக்கு யாரும் அவர் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை என்பது வேறு விஷயம்.

“நல்லா ஓடுற உடம்பைத் தொறந்து பாத்தா ஏதாவது கெடைக்கத்தான் செய்யும். இல்லன்னா ஆஸ்பத்திரிக்காரன் எப்படிப் பொழைக்கிறது?”

ஆகவே, வெள்ளிக்கிழமைக்குள் உடம்பைப் பரிசோதித்துப் படிவத்தை நிரப்பித் தரும்படி கம்பெனி சொன்னபோது, அதைத் தன்னை அவமானப்படுத்தும் செயலாகவே எடுத்துக்கொண்டார்.

“மாடி ஏறினா மூச்சு வாங்குதே, ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்களேன்” என்றாள் மனைவி.

“மூச்சை வாங்காம, விக்கவா முடியும்?”

புதன்கிழமை ஏழு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுபோனது. மெக்கானிக் படியேறினார். நாலாம் மாடியில் நின்று ஜன்னல் வழியே ஊரை ரசித்தார். ஐந்தாம் மாடியிலும் ரசித்தார். கட்டடச் செயலாளர் பின்னாலேயே புலம்பிக்கொண்டு வந்தார்: “நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிட்டிருந்துச்சு?”

மேலே மோட்டார் அறையில், லிஃப்டைத் தாங்கும் இரும்பு வடத்தில் இழைகள் அறுந்து துருத்திக்கொண்டிருந்தன. சுவரில் மாதாந்திரச் சோதனை அட்டை. முன்பு இந்த லிஃப்டைப் பராமரித்த வேறொரு கம்பெனிக்காரன் பன்னிரண்டு மாதத்துக்கும் டிக் அடித்திருந்தான். ஒரே பச்சை மை. இன்னும் வராத மூன்று மாதங்களுக்கும் சேர்த்து.

வீட்டுக்கு வந்தும் அவருக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

“மனுஷனா அவன்? கண்ணால பாக்கல, கையால தொடல, உக்காந்த எடத்துலயே டிக்கு. வராத மாசத்துக்கும் டிக்கு. அதை நம்பி ஏழு மாடி ஜனமும் அந்தரத்துல தொங்கிட்டிருந்திருக்கு.”

மனைவி உச்சுக்கொட்டினாள். பிறகு அலமாரியிலிருந்து கம்பெனிப் படிவத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள். ரத்த அழுத்தம் 120/80. சர்க்கரை 90. இதயத் துடிப்பு 72. பரிசோதித்த தேதி, வெள்ளிக்கிழமை. எல்லாம் அவர் கையெழுத்து.

“இன்னைக்குப் புதன்தானேங்க?”

“அது வேற, இது வேற. லிஃப்டுல ஜனங்க தொங்குறாங்க.”

“இதுல நானும் பொண்ணும் தொங்குறோம்.”

மெக்கானிக் தட்டை இழுத்துக்கொண்டார். சாப்பாட்டைக் கோபத்தோடு மென்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் “வடம் வாங்கப் போறேன்” என்று டீகூடக் குடிக்காமல் கிளம்பினார். வடம் வாங்க எதற்கு வெறும் வயிறு என்று அவள் கேட்கவில்லை.

பழையது தொலைந்துவிட்டதென்று ஆபீசில் கேட்டு வாங்கிய புதுப் படிவத்தோடு, ஆஸ்பத்திரி வரிசையில் இருபதாவது ஆளாக நின்றார். நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, பேனாவை எடுத்தாள்.

“ஏம்மா,” மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார், “நல்லாப் பாத்தீங்களா? பாக்காம எழுதிடாதீங்க. ஊர்ல பாதிப் பேரு அப்படித்தான் எழுதுறான்.”

நர்ஸ் எண்ணை மறுபடி பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

“கொஞ்சம் அப்படியே உக்காருங்க. இன்னொரு தடவை பாத்துடலாம்.”

அவர் மறுபேச்சில்லாமல் கையை நீட்டினார்.