ஆகாயத்துக்கு ஆட்சேபணை

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே, நாச்சிமுத்துக் கவுண்டர் காட்டில் ஒரு பெரிய சோளத்தட்டுப் போர் இருந்தது. செவ்வாய்க்கிழமை வந்தால் கவுண்டர் அதன்மேல் ஏறி நின்று வானத்தைத் திட்டுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தடியை ஓங்கி, "டேய், என்ற பூமிக்கு மேல போகாதடா! சுத்திப் போடா!" என்று தொண்டை கிழியக் கத்துவார். மேலே வாரத்தில் அந்த ஒரு நாள் மட்டும் மெட்ராஸிலிருந்து கொச்சிக்குப் போகிற விமானம் பொன்வண்டு மாதிரி ரீங்கரித்துக்கொண்டு தன் பாட்டுக்குப் போகும். கீழே அவர் கூட்டி வைத்த சாட்சிகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"ஓட்டறவன் எறங்கி வந்து கால்ல உழுவான்னு நெனச்சுட்டாராக்கும்" என்பாள் பக்கத்துக் காட்டுக் குப்பாயி. மகள் வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

சிரித்தாலும் குப்பாயிக்கும் கவுண்டரோடு ஒரு தீராத வழக்கு இருந்தது. அவள் வீட்டிலிருந்து ரோட்டுக்கு நேர்வழி கவுண்டர் காட்டு ஊடேதான். அந்தத் தடத்தில் அவர் படல் வைத்து அடைத்துவிட்டார். மாமனார் காலத்துச் சண்டை. "ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போனா நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன்?" என்பது கவுண்டர் கட்சி. "பாத்தியம் உள்ள தடத்துக்குக் கேப்பாங்களா? கேட்டா பாத்தியமே போச்சு" என்பது குப்பாயி புருசன் கட்சி. அவன் கேட்காமலே இருந்து, ஏரியைச் சுற்றிப் போகிற ஒற்றையடிப் பாதையில் தலைச்சுமை தூக்கியே செத்தும் போனான்.

இப்போது சங்ககிரிச் சின்னுசாமிக் கவுண்டர் மகனுக்கு வசந்தாமணியைக் கேட்டு வந்திருந்தார்கள். வசந்தாமணிக்கும் பையனைப் பிடித்திருந்தது. சின்னுசாமி மட்டும் ஒன்று சொல்லி அனுப்பினார்: "வண்டித்தடம் இல்லாத ஊட்டுல சம்பந்தம் பண்ணி, சீரைக் கழுதை மேலயா ஏத்தியாறது? நானே வண்டியில வாரேன். தடம் இருந்தா சம்மதம்னு கைநனைக்கறேன். இல்லாட்டி அப்படியே திரும்பிப்போறேன்."

இந்தத் தடத்து வழக்காகத்தான் வக்கீல் குமாஸ்தா கைலாசம் முன்பொரு நாள் கவுண்டர் வீட்டுக்கு வந்தார். தன் தலைக்கு மேல் ஏன் விமானம் போகிறது என்று கவுண்டர் கேட்டார். குமாஸ்தா வாசலில் கிடந்த பூசணிக்காயை மடியில் எடுத்து வைத்து, அதன்மேல் ஒரு சணல் கயிற்றை இழுத்துப் பிடித்தார். குப்பாயி வேலியோரம் புல் அறுக்கிற சாக்கில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பூமி இப்படி உருண்டைங்க. இங்க மெட்ராஸ், இங்க கொச்சி. கயித்தை இறுக்கிப் புடிச்சா எது நேரா உழுவுதோ, அதுதான் ஆகக் கிட்டத்து வழி. ரயிலாட்டம் ஈரோட்டைச் சுத்தோணும்னு அவனுக்கென்ன தலையெழுத்து?"

"கயிறு என்ற காட்டு மேலயா உழுவுது?"

"உங்க உச்சந்தலை மேலயே உழுவுதுங்க."

பிறகு வழக்குப் பேச்சு வந்தது. "பலகாலம் ஒருத்தர் கேக்காம போயி, நீங்களும் ஆட்சேபணை சொல்லாம கம்முனு இருந்தா, அது பாத்தியம் ஆயிரும்" என்றார் குமாஸ்தா. அவர் சொன்னது குப்பாயியை. கவுண்டர் எடுத்துக்கொண்டது விமானத்தை. அன்றைக்கே ஏணி தேடினார். குமாஸ்தா கிளம்பும்போது பூசணிக்காயையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சின்னுசாமி சொல்லி அனுப்பிய பிறகு, அதையெல்லாம் நினைத்துக் குப்பாயி யோசித்தாள். அவரோ ஒரே ஆள், இருப்பதோ ஒரே வாய். அது மேலே கத்தும்போது கீழே எப்படிக் கத்தும்?

அடுத்த செவ்வாய்க்கிழமை ரீங்காரம் கேட்டதும் படலை நகர்த்தி, எருவண்டியை ஓட்டிக்கொண்டு போரை ஒட்டியே ரோட்டுக்குப் போய்விட்டாள். கவுண்டர் வானத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சாட்சிகளில் பொன்னன் மட்டும் கீழே பார்த்தான். குப்பாயி கண்ணடித்தாள். பொன்னன் மறுபடியும் பக்தியோடு அண்ணாந்துகொண்டான். அதற்கடுத்த வாரமும் அப்படியே.

"சம்பந்தி ஊட்டுக்காரங்களைச் செவ்வாக்கெழமை வரச்சொல்லுங்க, போதும்" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினாள். "அன்னைக்கு நாள் நல்லாயில்லீங்களே" என்றார் தரகர். "எங்க காட்டுக்கு அதுதான் நல்ல நாள்."

சின்னுசாமியின் வண்டிகள் வந்தன. குப்பாயி ரோட்டோரம் படலுக்கு முன்னால் நின்று வரவேற்றாள். கவுண்டர் போர் உச்சியில் தயாராக நின்றார். சாட்சிகளும் வந்துவிட்டார்கள்.

விமானம் மட்டும் வரவில்லை.

வெயில் ஏறியது. மாடுகள் வாலை வீசின. மெட்ராஸில் மழையோ, ஓட்டுகிறவனுக்குப் பேதியோ, யார் கண்டது?

"ஏனம்மா, இங்கயே நிக்கறோம்?" என்றார் சின்னுசாமி.

"கொஞ்சம் பொறுங்க. ஒரு ஆள் வரோணும்."

"எங்கிருந்து?"

குப்பாயி தன்னையறியாமல் மேலே பார்த்தாள். சின்னுசாமியும் பார்த்தார். அங்கே ஒரு பருந்துகூட இல்லை. அவர் முகம் சுண்டியது. "வண்டியைத் திருப்புடா" என்றார் ஓட்டுகிறவனிடம்.

கேட்டால் புருசன் கட்டிக்காத்த பாத்தியம் இன்றோடு போச்சு. கேட்காவிட்டால் மகள் கல்யாணம் போச்சு. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ஏனுங்க மாமா!" என்று போரைப் பார்த்துக் கூப்பிட்டாள். "உங்க காட்டு வழியா வரட்டுங்களா?"

கவுண்டர் தடியை இறக்கினார். "என்ன கேட்ட?"

"வரட்டுங்களான்னு கேட்டனுங்க."

"இன்னொருக்காச் சொல்லு சாமி. சாட்சிக்கெல்லாம் கேக்கட்டும்."

"உங்க காடு, உங்க தடம். நாங்க வரலாங்களா மாமா?" பல்லைக் கடித்துக்கொண்டு ரோடு அதிரக் கத்தினாள்.

மனிதர் போரிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கினார். தட்டுச் சருகு தலையெல்லாம் ஒட்டியிருக்க ஓடி வந்து, தம் கையாலேயே படலைப் பிடுங்கி எறிந்தார். "வாங்க, வாங்க! இத்தனை நாளா இந்த ஒரு வார்த்தைக்குத்தானே உக்காந்திருந்தேன்? எப்ப வேணும்னாலும் வாங்க. கேட்டுட்டு வாங்க, அவ்வளவுதான்!" சின்னுசாமியின் வண்டிக்கு முன்னால் தாமே வழிகாட்டிக்கொண்டு குப்பாயி வீட்டு வாசல்வரை நடந்தார்.

சின்னுசாமி கைநனைத்தார். வெற்றிலை மாற்றினார்கள். சமையல் பக்கம் வசந்தாமணி அம்மாவின் காதருகே வந்தாள்.

"அய்யன் இருந்திருந்தா கேட்டிருப்பாரா?"

"உங்கய்யனா? அவரு பாடையே ஏரியைச் சுத்தித்தான் போச்சு. அவரு மானத்தோட படுத்திருந்தாரு, தூக்குனவனுக்குத்தான் தோள்பட்டை போச்சு. அந்தப் பணியாரத்தை எடு, ஆறுது."