மேடு காஞ்சிருக்குதா?

தம்பியின் இடது காதுக்குள் ஒட்டியிருந்த களிமண் மட்டும் போகவே மாட்டேன் என்றது. தேவநாதன் துண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்துச் சுண்டுவிரலில் சுற்றி மறுபடியும் துடைத்தான். ஆஸ்பத்திரியில் வெள்ளைத் துணியால் சுற்றிக் கொடுத்திருந்தார்கள், தலையிலும் கட்டு. வெளியே தெரிந்தது முகமும் காதும் மட்டும்தான். அந்த முகத்தையாவது சுத்தமாக அனுப்ப வேண்டும் என்று விடாமல் துடைத்துக்கொண்டிருந்தான். பீங்கான் கம்பெனிக் களிமண், காய்ந்துவிட்டால் லேசில் விடாது.

"போதும்டா தேவா, வுடு. தலைக்கு எண்ண வெக்கிறவங்க எவ்ளோ நேரம் நிப்பாங்க?" என்றார் வேப்பூர் மாமா தர்மராஜ். அம்மாவின் தம்பி. கல்யாணமோ சாவோ, முன்னால் நின்று நாலு பேரை அதட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"இருங்க மாமா, தோ ஆச்சு."

ஆகவில்லை. மாமா தோளைப் பிடித்து எழுப்பிவிட்டார்.

அம்மா கண்ணம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். நேற்றுக் காலையிலிருந்து அழுததில் தொண்டை கட்டிப்போய், இப்போது வாய் அசைவது மட்டும்தான் தெரிந்தது. தேவநாதன் நேற்றிலிருந்து அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை.

பந்தலுக்குள் புதிதாக யார் வந்தாலும் மாமா முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"டி.வி.யில என்னமோ சைக்கிள் ரேஸுங்க. ஒலிம்பிக்ஸுல இந்த வருசந்தான் மொத மொதல்ல சேத்திருக்காங்களாம். சின்ன சைக்கிள்ல மேடு மேடா எகிறிக் குதிக்கிறானுங்க. அதப் பாத்துட்டு இவனும் கம்பெனிக்குப் பின்னால போயி குதிச்சிருக்கான். மொத நா மழ பேஞ்ச மேடு. ஏறலாமா? கண்ணு எங்க போச்சி? வழுக்குச்சி, அந்தாண்ட நின்ன சூளவண்டி இரும்புல தல அடிச்சிருச்சி. இருவத்தியோரு வயசு ஆளுங்க. திமிரு, வேறென்னா."

கேட்டவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் தம்பி குருமூர்த்தியின் திமிர் ஒரு சுற்றுப் பெருத்துக்கொண்டே போயிற்று. தேவநாதன் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். 'அவன் அப்படி இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சொன்னால் அடுத்த வார்த்தையையும் சொல்லியாக வேண்டும்.

குருமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டு குதிக்கிறவனே இல்லை. பழைய இரும்புக்கடையில் பொறுக்கிய சின்னச் சக்கரச் சைக்கிளை அவனே பற்றவைத்துச் சரிசெய்து, ஓட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு நட்டையும் திருகிப் பார்ப்பான். கம்பெனியின் பின்பக்கத்தில் கழிவுக் களிமண்ணைக் குவித்து மேடு போட்டுக் கொடுத்தது தேவநாதன்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துத் தட்டித் தட்டி மழமழவென்று ஆக்கினான். அதே கம்பெனியில் பீங்கான் ஃப்யூஸ் கேரியர்களைப் பெட்டியில் அடுக்கி நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிற தம்பி அந்த மேட்டைப் பார்த்ததும் சிரிக்கிற சிரிப்புக்காகவே செய்தான்.

"நம்ம நாட்டுல இந்த ரேஸுக்கு ஆளே இல்லண்ணா. அடுத்தது லண்டன்ல. இன்னும் நாலு வருசம் இருக்குது. மொத ஆளா நான் போனா எப்பிடி இருக்கும்?"

"மொதல்ல கடலூருக்குப் போயிட்டு வா" என்று தேவநாதன் கிண்டலடிப்பான்.

வியாழக்கிழமை காலையில் அண்ணன் தம்பி இருவரும் டி.வி. முன்னால் உட்கார்ந்தபோது பெய்ஜிங்கில் மழை. போட்டியை மறுநாளைக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். "பாத்தியாண்ணா, அவ்ளோ பெரிய ஆளுங்களே ஈரத்துல ஏறல" என்றான் குரு. அன்று சாயங்காலம் விருத்தாசலத்திலும் மேகம் கட்டியது. தேவநாதன் கம்பெனிச் சூளைக்கு இரவு வேலைக்குக் கிளம்பும்போது தம்பி வாசல் வரை வந்து, "மழ வந்துதுன்னா அந்தக் கிழிஞ்ச தார்ப்பாயப் போட்டு மேட்ட மூடிடுண்ணா" என்று சொல்லி அனுப்பினான்.

மழை வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் சடசடவென்று இறங்கியது தேவநாதனுக்கு நன்றாகவே கேட்டது. சூளையின் கதகதப்பை விட்டு எழுந்து நனைய யாருக்கு மனசு வரும்? அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பீடியைப் பற்றவைத்தான். காலையில் வேலை முடிந்ததும் பின்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் முன்வாசல் வழியாக வீட்டுக்கு வந்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை ரேஸ் நடந்தது. எட்டுப் பேர் உச்சியில் வரிசையாக நின்றார்கள். முன்னாலிருந்த தடுப்பு விழுந்ததும் அப்படியே சரிந்து இறங்கி, மேட்டுக்கு மேடு தாவி, வளைவில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு பறந்தார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, முடிந்துபோயிற்று. லாட்வியா என்று, இவர்கள் பேரே கேட்டிராத நாட்டுக்காரன் ஜெயித்தான். "குட்டி நாடுண்ணா! நம்ம ஜில்லா மாதிரி இருக்கும்போல!" என்று குரு எழுந்து குதித்தான். தேவநாதனுக்குக் கண் சொக்கியது. பாயில் சரிந்துவிட்டான்.

"அண்ணா, மேடு காஞ்சிருக்குதா?"

கையில் சைக்கிளோடு வாசலில் நின்றுதான் கேட்டான்.

"காஞ்சிருக்குது. போ."

அவ்வளவுதான். பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் ஏன் மூடவில்லை என்று கேட்பான். பேச்சு வளரும், தூக்கம் கெடும். களிமண்ணோடு பதினைந்து வருஷமாகக் கிடக்கிறவனுக்குத் தெரியாதா? மழை விட்டு வெயில் பட்டால் மேல்தோல் வெளுத்துக் காய்ந்த மாதிரி இருக்கும். அடியில் சோப்பு மாதிரி வழவழவென்று ஈரம் நிற்கும். கட்டைவிரலை வைத்து அழுத்தினால்தான் உண்மை தெரியும். அந்தப் பிள்ளை அழுத்திப் பார்க்கவில்லை. அண்ணன் சொன்னால் போதும் அவனுக்கு.

அந்தக் கேள்வியும் பதிலும் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவனைத்தான் இப்போது பந்தலில் படுக்க வைத்திருக்கிறார்கள். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற நினைப்பு நேற்று மத்தியானம் ஒருமுறை வந்தது. அதில் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அந்த நிம்மதிக்காகத் தேவநாதன் தன்னையே காறித் துப்பிக்கொண்டான்.

கல்யாணம் ஆகாதவன் என்பதால் புதைப்பது என்று பேசி முடித்திருந்தார்கள். மணிமுத்தாற்றங்கரைச் சுடுகாட்டில் குழி தயாராக இருந்தது. இறக்கியதும் தேவநாதன் மாமாவின் பக்கம் திரும்பி, "மாமா, அவன் வந்து..." என்று ஆரம்பித்தான்.

"மூணு கை மண்ணு தள்ளு. அழுவாத. நீதான் மூத்தவன்" என்றார் மாமா.

தள்ளினான். மற்றவர்களும் தள்ளினார்கள். குழி வெட்டியவர் மண்ணை இழுத்து மூடி, மேடாகக் கூட்டி, மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துத் தட்டித் தட்டி மழமழவென்று ஆக்கினார். தேவநாதனால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஆற்றுப் பக்கம் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு நுழைந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. மூலையில் விளக்கு. பக்கத்தில் அம்மா. தேவநாதனின் மனைவி பிரபா காப்பி கொண்டுவந்து வைத்தாள். மாமா தன் தம்ளரை எடுத்துக்கொண்டு யாரோ திட்டக்குடிக்காரரிடம் மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

"சொல்றவங்க பேச்சக் கேட்டாத்தான? திமிருங்க..."

"தர்மராஜு."

கட்டிப்போன தொண்டையிலிருந்து வந்த அம்மாவின் குரலை யாருக்கும் சட்டென்று அடையாளம் தெரியவில்லை.

"என்னாக்கா?"

"என் புள்ளயத் திமிருன்னு சொல்லாத. அவன் கேட்டுட்டுத்தான் போனான்."

"யாரக் கேட்டான்?"

அம்மா விளக்கின் திரியைத் தூண்டிவிட்டாள். பிறகு திரும்பித் தேவநாதனைப் பார்த்தாள்.

"மேக்கால கருக்கிட்டு வருது. புது மண்ணு, மழையில கரைஞ்சிடும்" என்றாள். "இன்னிக்காவது போயி பாத்துட்டு வா."

தேவநாதன் காப்பியைக் கீழே வைத்தான். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் சுவர்கூடக் கிடையாது. அம்மாவின் பழைய புடவை ஒன்றைத்தான் திரையாகக் கட்டியிருந்தார்கள். நேற்றுக் காலையில் அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் அவள் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு பகல், ஒரு ராத்திரி, மறுபடி ஒரு பகல். ஊரே சின்னவனைத் திட்டுவதைக் கேட்டுக்கொண்டு, பெரியவனுக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"செரிம்மா" என்றான்.

தார்ப்பாய் கம்பெனியில்தான் இருந்தது. எடுக்க வேண்டுமானால் பின்பக்கம் போக வேண்டும். மேடு அப்படியே இருந்தது. அதன் சரிவில் மேலே வரை நேராக ஏறிய சக்கரத் தடம், உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. தேவநாதன் தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வேகமாக வெளியே வந்தான்.

சுடுகாட்டில் ஆளில்லை. நாய் தோண்டாமல் இருக்கப் புதுமேட்டின்மேல் முள் வெட்டிப் போட்டிருந்தார்கள். அதை ஓரமாக நகர்த்திவிட்டு மண்டியிட்டான். பகல் வெயிலில் மேல்மண் வெளுத்துப் போயிருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினான். விரல் உள்ளே இறங்கியது. எடுத்துப் பார்த்தான், ஈரம்.

ஆற்றைத் தாண்டி மழை வரும் சத்தம் கேட்டது. தார்ப்பாயை விரித்து, கிழிசல் கால்மாட்டுப் பக்கம் வரும்படி திருப்பிப் போட்டு, மூன்று மூலையிலும் கல் வைத்தான். நான்காவது மூலைக்குக் கல் தேடினான், கிடைக்கவில்லை. காற்று அந்த மூலையைத் தூக்கித் தூக்கி அடித்தது.

அதன்மேல் அவனே உட்கார்ந்துகொண்டான்.