ஐந்தாவது துண்டு

கெண்டையை மேல்தண்ணீரில் பிடிக்க ஈயக்குண்டு வேண்டாம், தக்கை வேண்டாம். மிதக்கிற ரொட்டியும் பொறுமையும் போதும். பொறுமை என்னிடம் மருந்துக்கும் கிடையாது. வாரம் ஆறு நாள் சலவைக்கடை ஆவியில் வெந்து இஸ்திரி போடுகிறவளுக்கு அது எங்கிருந்து வரும்? ஆனாலும் ஞாயிறு மதியம் ஆனால் பழைய கல்குவாரிக் குளத்துக்கு வந்துவிடுவேன். இங்கே என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

அன்றைக்கு அப்பாவையும் கூட்டிவர வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்துக்கொள்வது அண்ணனின் முறை. காலையிலேயே போன் செய்துவிட்டான்.

"இன்னிக்கு எனக்கு வேலை இருக்கு. நீயே பாத்துக்க."

"வாரத்துல ஒரு நாள்கூட முடியாதா உனக்கு?"

"முடியலன்னுதானே ஹோம்ல சேத்துடலாம்னு சொல்றேன். நீதான் ஒத்தக்கால்ல நிக்கிற. அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பதில் சொல்லணும், ஆமா."

நல்ல வார்த்தை வராது அவன் வாயில். பட்டென்று வைத்துவிட்டேன்.

அப்பாவுக்கு இரண்டு வருடமாக ஞாபகம் போய்க்கொண்டிருக்கிறது. என்னை 'சிஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார், ஆஸ்பத்திரி நர்ஸ் என்று நினைப்பு. பல் செட்டைப் போட்டுக்கொள்ளவும் மாட்டேன் என்று அன்று அடம்பிடித்தார். கரையில் மடக்கு நாற்காலியை விரித்து அவரை உட்காரவைத்தேன்.

முதலில் தூண்டில் முள் கோக்காத ரொட்டியைத்தான் வீச வேண்டும். அரைமணி நேரம் சும்மா தின்னக் கொடுக்க வேண்டும். கெண்டைக்குச் சந்தேகம் ஜாஸ்தி. மூக்கால் முட்டிப் பார்க்கும், விலகிப் போகும், மறுபடி வரும். நாலு துண்டு நல்லபடியாக உள்ளே போய்விட்டால் ஐந்தாவதை யோசிக்காமல் உறிஞ்சிவிடும். அந்த ஐந்தாவதில் முள் இருக்கும். அதுவும் அதே ரொட்டியின் அதே ஓரமாக இருக்க வேண்டும், வித்தியாசம் தெரிந்தால் கிட்டவே வராது. அதனால் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் போட்டு வைப்பேன். அப்பா நச்சரிக்காமல் இருக்க அந்த டப்பாவிலிருந்தே அவருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடிக்கப் பல் இல்லை. வாயில் ஊறவைத்து நிதானமாக விழுங்கினார்.

ரொட்டி ஓரத்தை மடித்து, முள்ளை அதற்குள் மறைத்து, வீசத் தயாரானேன். அந்த நேரம் பார்த்து மீன்கள் கலைந்து போயின. சனியன்கள். கோலைத் தரையில் வைத்து, முள் கோத்த துண்டை டப்பா மேலேயே வைத்துவிட்டு, கை நிறையத் துண்டுகளோடு தண்ணீர் ஓரம் போய்க் குனிந்து வீசினேன்.

பின்னால் ரீல் மெல்லச் சுழலும் சத்தம் கேட்டது.

தண்ணீரில் தூண்டில் நரம்பே இல்லை, ரீல் ஏன் சுழல வேண்டும்? திரும்பினேன். அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். நரம்பு கோலிலிருந்து புறப்பட்டு, புல் மேலாக ஓடி, அவருடைய வாய்க்குள் போயிருந்தது. கன்னம் உப்பியிருந்தது. ஊறவைத்துக்கொண்டிருந்தார்.

கத்தினால் பதறி விழுங்கிவிடுவார். நரம்பை இழுத்தால் முள் நாக்கிலோ தொண்டையிலோ ஏறிவிடும். அறுத்துவிட்டால் நரம்போடு சேர்ந்து உள்ளே போகும். பாவி, நானே கொடுத்துப் பழக்கினேனே.

முதலில் ரீலைத் தளர்த்திவிட்டேன். ஒவ்வொரு அடியாக அவரிடம் போனேன்.

"அப்பா, வாயத் திறங்க."

உதட்டை இறுக்கிக்கொண்டார். தினமும் காலையில் மாத்திரைக்கு இதே வார்த்தையைத்தான் சொல்கிறேன். தினமும் இதே போராட்டம்தான். இப்போது வாய்க்குள் விரலை விட்டால் அவர் முரண்டு பிடிப்பார், முள் எங்கே போகும் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"மாத்திர இல்லப்பா. சும்மா ஆ காட்டுங்க."

தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் நடக்க ஆரம்பித்தார். நரம்பும் கூடவே நகர்ந்தது. அது எங்கேயாவது புல்லில் சிக்கி இறுகிவிட்டால் அவ்வளவுதான். நான் நரம்பைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, தொய்வு குறையாமல், அவர் பக்கத்திலேயே நடந்தேன். அவருடைய தொண்டையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை. அது ஒரு முறை மேலே ஏறி இறங்கியது. எனக்கு உயிர் போய் வந்தது. எச்சில்தான் போலிருக்கிறது, நரம்பு அசையவில்லை.

"துப்பிடுங்கப்பா. கெட்டுப்போன ரொட்டி அது."

கேட்கவில்லை. ஊறிய ரொட்டியை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். இனி விழுங்க வேண்டியதுதான் பாக்கி. அண்ணனும் நினைவில் இல்லை, ஹோமும் நினைவில் இல்லை. அந்த நேரத்தில் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னேன். அது பொய்யும் இல்லை.

"அப்பா, எனக்குப் பசிக்குதுப்பா. காலைலேருந்து ஒண்ணும் சாப்பிடல."

நின்றார். என் முகத்தைப் பார்த்தார். யார் என்று தெரிந்த மாதிரி இல்லை. ஆனால் முகம் இளகிற்று.

"ஏம்மா இவ்வளவு நேரம் சொல்லல?"

வாயில் ரொட்டியோடு அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். இரண்டு விரலை வாய்க்குள் விட்டார். மெதுவாக, ரொம்ப மெதுவாக, கூழாகிப்போன ரொட்டியை வெளியே எடுத்தார். முள் உதட்டோரம் உரசி ஒரு பொட்டு ரத்தம் வந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை. என் கையைப் பிடித்து விரித்து அதில் வைத்தார்.

"பாத்து சாப்பிடு. உள்ள ஏதோ கம்பி மாதிரி இருக்கு."

அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முள்ளை உருவி முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

"சாப்பிடும்மா."

நான் கடைசித் துணுக்கையும் விழுங்கும்வரை அவர் பார்வையை எடுக்கவில்லை.