ஏழு படம், ஆறு மூங்கில்

"மூங்கில் வாங்க டவுனுக்கு யாருனா வண்டி எடுக்கிறீங்களா?" என்று பிரேம்நாத் சித்தப்பா பந்தலுக்கு அடியில் நின்று கேட்டபோது, அபிநயா அம்மாவின் தலைமாட்டிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்க்கொண்டிருந்தாள். சென்னையிலிருந்து வந்து சேர்ந்து முழுசாக அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. கால் கழுவத் தோட்டத்துப் பக்கம் போனபோது, சுவரில் பச்சை மூங்கில்கள் சாத்தியிருந்ததைப் பார்த்திருந்தாள்.

"பின்னாடி ஆறு இருக்குது சித்தப்பா, எடுத்துக்கோங்க."

அதற்குள் யாரோ வாங்கிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். சாவு வீட்டில் எந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று யார் விசாரிக்கிறார்கள்? சித்தப்பாவும் விசாரிக்கவில்லை. நீளமான இரண்டை அப்படியே வைத்துக்கொண்டு, மற்றதைக் கத்தியால் துண்டு துண்டாகத் தறித்தார். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க அபிநயாவுக்கு அழுகை வந்ததே தவிர, வேறு எதுவும் தோன்றவில்லை.

அம்மா ரேவதிக்கு ஐம்பத்தொரு வயது. விடியற்காலை நெஞ்சு வலிக்கிறது என்றவள், ஆஸ்பத்திரி வாசலைப் பார்ப்பதற்கு முன் ஆட்டோவிலேயே போய்விட்டாள். தாமல் ஏரிப் பாசனத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் கண்ணாயிரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து களை எடுத்த நேரம் போக மிச்ச நேரமெல்லாம் படம் வரைந்தவள். வரைந்ததும் வேறொன்றுமில்லை, அந்த ஏரிதான். நிரம்பிய ஏரி, வடிந்த ஏரி, மதகு, கரையில் ஈரப் பாவாடையோடு ஓடும் பிள்ளைகள்.

எந்தக் கண்காட்சியில் கடை போடுவது என்பதில் அவளைப்போல் அழுத்தக்காரியைப் பார்க்க முடியாது. முதல் வருஷம் சும்மா வேடிக்கை பார்க்கப் போவாள். ஒரு ஓரமாக நின்று, வருகிறவர்கள் படத்தின் முன்னால் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று பார்ப்பாள். சென்னையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்புச் சந்தைக்கு அபிநயா பெயரே கொடுத்துவிட்டாள். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றாள்.

"பக்கத்துல பாப்கார்ன் மிஷின் ஓடிக்கினு இருக்குது அபி. எல்லாரும் அந்தப் பக்கமே பாத்துக்கினு போறாங்க."

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சபா வருஷத்துக்கு ஒரு தரம் தன் மண்டபத்து முற்றத்தில் நடத்தும் கண்காட்சி மட்டும்தான் அவளுக்குப் பிடித்திருந்தது. அங்கே நெசவுக்காரர்கள் வருவார்கள், பேங்க்காரர்கள் வருவார்கள், கோயிலுக்கு வந்த ஜனங்களும் வருவார்கள். நின்று பார்ப்பார்கள். மூன்று வருஷம் விண்ணப்பம் போட்டாள். முதல் இரண்டு வருஷமும் சபாக்காரர்கள் "காஞ்சிபுரம்னா கோபுரம் வரையுங்களேன்" என்று திருப்பி அனுப்பினார்கள். அவள் கோபுரம் வரையவில்லை. மூன்றாம் வருஷம் இடம் கிடைத்துவிட்டது. அந்த நாள்தான் இன்றைக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு. இன்றைக்கு மத்தியானம் வருகிறேன் என்று அபிநயா லீவு சொல்லி வைத்திருந்ததும் இதற்குத்தான். காலையிலேயே வர வேண்டியதாகிவிட்டது.

பன்னிரண்டரை மணிக்குப் பாடை எழுந்தது. தெருமுனை வரைக்கும் பெண்கள் போய்த் திரும்பினார்கள். வீட்டைக் கழுவிவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, மாற்றுப் புடவை எடுக்க அபிநயா பின்னறைக்குப் போனாள்.

அங்கே அப்பாவின் பழைய வேட்டிகளில் சுற்றி, சணல் கட்டிய ஏழு படங்கள் சுவரோடு நின்றன. வரைந்து குவித்ததில் ஏழு பொறுக்குவதற்கு அம்மாவுக்கு இரண்டு மாசம் ஆனது. முதல் படத்தின்மேல் ஒரு காகிதம். பென்சிலில் அம்மா போட்ட வரைவு. நெட்டுக்குத்தாக நிற்கும் நாலு மூங்கில், குறுக்கே இரண்டு, எந்தப் படம் எங்கே தொங்க வேண்டும் என்று எண். ஓரத்தில், "அப்பா செதுக்கிட்டார். அங்கே போய்க் கட்டினால் போதும்."

அம்மா போனில் ஸ்டேண்டு ரெடி என்று சொன்னபோது, அபிநயா ஏதோ இரும்புச் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஈரத் தலையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா மூன்று வருஷம் காத்திருந்ததை நானே எடுத்துக் கொடுத்துத் தறிக்கச் சொல்லியிருக்கிறேன் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அம்மா செத்தது அவள் கையில் இல்லை. இது அவள் கையால் நடந்தது.

மூன்று மணிக்கு ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பினார்கள். கண்ணாயிரம் கூடத்தில் ஏற்றி வைத்த விளக்கைப் பார்த்துவிட்டு, ஈர வேட்டியோடு பின்னறை வாசலில் வந்து நின்றார். அபிநயா காகிதத்தை நீட்டினாள்.

"அப்பா, அந்த மூங்கில நான்தாம்பா எடுத்துக்கச் சொன்னேன். எனக்குத் தெரியாதுப்பா."

"தெரியும்மா."

"எப்ப தெரியும்?"

"தெருமுனை வரைக்கும் தோள் குடுத்தேனே. என் கத்தி வெட்டு எனக்குத் தெரியாதா?"

"ஏம்பா ஒண்ணும் சொல்லல?"

அவர் காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"முந்தாநாள் பூரா கேட்டுக்கினே இருந்தா. ஏழு படத்த தாங்குமா, தாங்குமான்னு. நீயே ஏறிப் படுத்தாலும் தாங்கும்டீன்னு சொன்னேன்."

அபிநயா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கையெல்லாம் மூங்கில் சிராய் கீறிய கோடு.

நாலு மணிக்கு அவளே கேட்டாள். "போலாமாப்பா?"

அத்தை செல்லியம்மாள், கண்ணாயிரத்தின் அக்கா, கூடத்திலிருந்தே சத்தம் போட்டாள். "பொணம் போன வூட்டுல வெளக்குகிட்ட உக்கார ஆளில்ல. அப்பனும் பொண்ணும் கடை போடப் போறீங்களா? தீட்டுன்னு ஒண்ணு இல்லையா? ஊரு காறித் துப்பாதா?"

"வெளக்குகிட்ட நீ இருக்கியேக்கா," என்றார் கண்ணாயிரம். "அவ பேர எழுதி இடம் வுட்டிருப்பாங்க. அது காலியா கெடக்கக் கூடாது."

அத்தை எழுந்து அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, "வெறும் வயித்தோட போவாதீங்க," என்று இரண்டு டம்ளர் காபி கொண்டு வந்து வைத்தாள்.

சபா முற்றத்தில் லைட் போட்டிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் தங்க ரேக்குத் தகடு ஒட்டிய காமாட்சி படமும் தவழும் கிருஷ்ணன் படமும். கோலமாவால் கட்டம் கட்டி, நடுவில் 'ரேவதி, தாமல்' என்று எழுதியிருந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. சபா செயலாளர் ஹயக்ரீவன் வேகமாக வந்தார்.

"இவ்வளவு லேட்டாவா வரது? ஸ்டேண்ட் எங்கேம்மா? உங்க அம்மா எங்கே?"

அபிநயா சொன்னாள். அவர் ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தார், அவருக்கே தெரியாமல். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புதன்கிழமைகூட போன் பண்ணாளேம்மா. லைட் எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்னு கேட்டா." மேடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். "மேடையில பெருமாள் எழுந்தருளியிருக்கார். அந்தப் பக்கம் மட்டும் வராம பாத்துக்கோங்கோ. நாற்காலி அனுப்பறேன்."

ஆறு பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. ஆறு படங்கள் அவற்றில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டன. ஏழாவது நாலடி அகலம், எந்த நாற்காலிக்கும் அடங்கவில்லை. சித்திரை மாசத்து ஏரி. ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. பாளம் பாளமாக வெடித்த தரை, அதில் ஒரு மாட்டுக் குளம்படி. நிரம்பிய ஏரியை நடுவில் வை, அதுதான் விற்கும் என்று அபிநயா எவ்வளவோ சொல்லிப் பார்த்திருந்தாள். அம்மா இதைத்தான் நடுவில் மாட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

கண்ணாயிரம் அந்தப் படத்தை இரண்டு கையாலும் தூக்கி, நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கட்டத்தின் நடுவில் போய் நின்றார்.

முதலில் யாரும் வரவில்லை. பிறகு ஒரு குடும்பம் வந்து ஆறு படத்தையும் பார்த்துவிட்டுப் போனது. வேட்டியும் படமுமாக நிற்கிற ஆளைப் பார்க்கக் கூச்சப்பட்டார்கள் போலிருந்தது. அப்புறம் ஒரு பெண் வந்தாள், கையில் கோயில் பிரசாதத் தொன்னையோடு. சித்திரை ஏரிக்கு முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். தொன்னையிலிருந்து நெய் வழிந்து விரலில் இறங்கியது, அவள் கவனிக்கவில்லை.

"இது எந்த ஏரிங்க?"

கண்ணாயிரம் படத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார்.

"தாமல்," என்றாள் அபிநயா.

"எங்க அப்பா ஊரு." அந்தப் பெண் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

அப்பாவின் கையில் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்குவதை அபிநயா பார்த்தாள். அருகில் போய்ச் சட்டத்தின் ஒரு ஓரத்தைப் பிடித்தாள்.

"குடுப்பா, கொஞ்ச நேரம் நான் பிடிக்கிறேன்."

"இரும்மா," என்றார் அவர். "யாரோ வராங்க."