முள்ளங்கிப் பாத்தியில் நின்ற படகு

கட்சுமி வாங்கிய மீன்பிடிப் படகு, வாங்கிய மறுநாள் காலையிலேயே மலைமேல் ஏறி, விற்றவள் வீட்டு முள்ளங்கிப் பாத்தியில் போய் நின்றுகொண்டது. ஓசே துறையில் அன்று வாடைக்காற்று கொஞ்சம் பலம். கணவாய் மீன் நல்ல விலைக்குப் போனது. தார்ச்சாலை நெடுக ஓர் ஈரக் கோடும், கோயில் வளைவில் கொஞ்சம் பாசியும் கிடந்ததைத் தவிர வேறு சேதாரம் இல்லை. கட்சுமி பளுதூக்கி வண்டி வைத்து இறக்கினான். மறுநாள் விடிந்தபோது படகு மறுபடியும் மேலே இருந்தது. அந்த வாரம் முழுக்க இதே கதைதான். ஊரார் இதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். டாக்ஸி ஓட்டினவன் வாங்கிய படகு ரோட்டை விட்டு இறங்குமா என்று மட்டும் கேட்டார்கள்.

கட்சுமி ஓசேயில் பிறந்து, ஃபுகுவோகா நகரத்தில் பாதி ஆயுளை டாக்ஸியில் கழித்தவன். அடுத்தவர் போகச் சொன்ன இடத்துக்கெல்லாம் போய்ப் போய் வெறுத்து, இனிச் செத்தாலும் சொந்த ஊர்க் கடலில்தான் என்று வந்துவிட்டான். மலைமேல் குடியிருந்த ஃபுசாயோவின் கணவர் காலமானதிலிருந்து அவருடைய மரப்படகு சும்மா கிடந்தது. ஒரு பழைய ஸ்கூட்டர் விலைக்கு அவள் அதைத் தள்ளிவிட்டாள். விற்பனைக் காகிதத்தில் தன் பெயர் முத்திரையை நேராக, அழுத்தமாகக் குத்தியும் கொடுத்தாள். காகிதத்தில் ஒரு குறை சொல்ல முடியாது.

குறை சொன்னது மீனவர் சங்கம். அங்கே மேசையில் இருந்த மிட்சுயோ நல்ல பெண்தான், ஆனால் சட்டம் என்று வந்தால் பெற்ற அப்பனுக்கும் வளைந்து கொடுக்க மாட்டாள். "கட்சுமி அண்ணே, காகிதத்துல படகு உங்களுது. ஆனா பதிவு அதிகாரி வந்து அதைத் தண்ணியில பார்த்தாத்தான் உங்க பேர் பதிவாகும். முள்ளங்கிக்கு நடுவுல பார்த்ததை எல்லாம் எழுத முடியாது" என்றாள். வசந்தம் முடிவதற்குள் பதிவாகாவிட்டால் சங்கத்தில் அவனுக்கு வைத்திருந்த இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மீன் பிடிக்க முடியாது, திரும்பவும் டாக்ஸிதான். அதிகாரி ஒருமுறை வந்து, மலையேறி, ஃபுசாயோ கொடுத்த தேநீரைக் குடித்து, ஊறுகாய் பிரமாதம் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறைதான் கடைசி முறை என்றும் சொன்னார்.

வேறு வழியில்லாமல்தான் அவன் படகுத் தச்சர் ஷிகேஹருவின் காலில் போய் விழுந்தான். அவர் வாங்கு வாங்கென்று வாங்கினார். "ஏண்டா, கைமாறின படகுல பழைய ஃபுனதாமாவை எடுத்துட்டுப் புதுசு வெக்கணும்னு உனக்குத் தெரியாது? வண்டிக் கண்ணாடியில தொங்குற தாயத்துன்னு நெனச்சியா?"

"படகு மூக்குல ஒரு பாட்டில் சாகே சாராயம் ஊத்தினேனே, மாமா."

"ஊத்துவே, ஊத்துவே. அதுக்கு உன் தலையில ஊத்தியிருக்கலாம்."

ஓசேயில் படகு என்றால் அதற்குள் ஒரு பெண் தெய்வம் குடியிருக்க வேண்டும். அதுதான் ஃபுனதாமா. பாய்மரத்தடியில் குழி தோண்டி, இரண்டு தாயக்கட்டை, கொஞ்சம் காசு, படகுக்காரன் மனைவியின் தலைமுடியில் ஒரு கற்றை, எல்லாவற்றையும் வைத்துத் தச்சர் மூடிவிடுவார். ஷிகேஹரு உளியோடு முள்ளங்கிப் பாத்திக்கு வந்து மூடியைத் திறந்தார். கல்யாணமான புதிதில் ஃபுசாயோ வெட்டிக் கொடுத்த விரல்நீள முடி, நாற்பது வருஷ இருட்டில் நிற்காமல் வளர்ந்திருந்தது. கருகருவென்று, பலகை இடுக்கெல்லாம் ஓடி, எஞ்சினைச் சுற்றி, சுக்கான்வரை போயிருந்தது. தலைக்குத் தடவும் காமெலியா எண்ணெய் வாசம் குப்பென்று வந்தது. நன்றாகவே வளர்ந்திருக்கிறது என்று தச்சர் ஒப்புக்கொண்டார். ஆனால் முடிக்காரி சொல்லாமல் கத்தரிக்கோலை எடுக்க மாட்டேன் என்றார்.

ஃபுசாயோ கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு வந்து பார்த்தாள். அவள் தலையில் இருந்தது ஒட்ட வெட்டிய வெள்ளை முடி. அந்தக் கரையில் பெண்கள் படகில் ஏறுவது கிடையாது. உள்ளே இருக்கும் தெய்வம் பெண் என்பதால் பொறாமைப்படுமாம். படகுக்கு முடி கொடுத்தவளும் படகை மிதித்ததில்லை. அவள் வெகுநேரம் அந்த முடியைத் தடவிக்கொண்டே நின்றாள்.

"புயல்ல எல்லாம் போயிருக்கு இது. கொரியா பக்கம்கூடப் போயிருக்கு. நான் இந்த வாசலைத் தாண்டல. எனக்குப் பொறாமையா இருக்கு தம்பி, என் முடி மேலயே" என்றாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வெட்டிக்கோங்க. தம்பி, உன் பொழப்பாவது நடக்கட்டும்" என்றாள்.

தச்சர் கத்தரிக்கோலை எடுத்தார். துறைக்குள் அதிகாரியின் கப்பல் நுழைவது மேலிருந்தே தெரிந்தது. ஒரு வெட்டில் எல்லாம் முடிந்துவிடும். கட்சுமி அந்தக் கப்பலைப் பார்த்தான், ஃபுசாயோவின் முதுகைப் பார்த்தான். மனசு கேட்கவில்லை.

"அத்தை, வெட்ட வேணாம். உங்களைக் கூப்பிடத்தான் இது தினமும் மேல வருது. நீங்க ஏறுங்க."

"டேய், பொம்பளை ஏறினா உள்ள இருக்கிறவ சும்மா விடுவாளா?" என்றார் தச்சர்.

"உள்ள இருக்கிறதும் இவங்கதானே மாமா. தன் மேல தானே எப்படிக் கோவிச்சுக்குவாங்க?"

ஷிகேஹரு தலையைச் சொறிந்தார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் இதைப் பற்றி ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. கத்தரிக்கோலை இடுப்பில் செருகிக்கொண்டார். ஃபுசாயோ ரப்பர் பூட்ஸோடு ஏறி உட்கார்ந்ததும் படகு மண்ணை உதறியது, திரும்பியது, சாலையில் இறங்கியது. கட்சுமி பின்னால் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டான். அதிகாரி கரையில் கால் வைக்கும்போது படகு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. அவர் முழங்காலில் காகிதத்தை வைத்து அங்கேயே முத்திரை குத்தினார். படகு கட்சுமியின் பெயருக்கு வந்தது.

அன்று துறை முனையைத் தாண்டும்வரை ஃபுசாயோ படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்தாள். பிறகு திரும்பி மலையைப் பார்த்து, "அந்தப் பொட்டுதான் என் வீடா? அவ்வளவூண்டு எடத்துலயா நான் நின்னுக்கிட்டு இருந்தேன்?" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், அழுதாள், அப்புறம் வாந்தி எடுத்தாள். மறுநாள் விடியலில் படகு மேலே வந்தபோது சோற்றுருண்டையும் கையுமாகத் தயாராக நின்றாள். அதிலிருந்து தினமும் கட்சுமி துறையிலேயே காத்திருந்து ஏறிக்கொள்வான். சுக்கான் இப்போது அவள் கையில்தான். அவனுக்கு வலை இழுக்கத் தெரியவில்லை என்று தினமும் திட்டுகிறாள்.

அந்தக் கோடையில் ஓசேயின் மற்றப் பெண்களும் ஒவ்வொருத்தியாக ஷிகேஹருவிடம் வந்து, எங்கள் படகிலும் கொஞ்சம் திறந்து பாருங்கள் என்றார்கள். இப்போதெல்லாம் காலை முதல் பஸ் கோயில் வளைவில் ஒதுங்கி எஞ்சினை அணைத்துவிடுகிறது. படகுகள் எல்லாம் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இறங்கி முடித்தபிறகுதான் மேலே போகிறது.