தேவநேசனின் வாழ்க்கைக் குறிப்பு

"மில்லுக்குப் போறதுக்கு முன்னாடி அப்பா என்ன வேலைம்மா பாத்தாரு?"

எத்தனையாவது முறையாகக் கேட்கிறோம் என்று ஜெனிலாவுக்கே மறந்துவிட்டது. அம்மா தங்கபாய் சுவரில் சாய்ந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த கணவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் மடியில் மல்லாந்து கிடந்தன. விடியற்காலையில் தேவநேசனின் மூச்சு நின்றதிலிருந்து அவள் பேசவில்லை. அழவும் இல்லை.

சாயங்காலம் அடக்கம். ஆராதனையில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பது அவர்கள் சபை வழக்கம். ஞானஸ்நானம், வேலை, கல்யாணம், பிள்ளைகள் என்று போகும். "ஊர்ல இருக்கவங்க கதையெல்லாம் பாட்காஸ்ட்ல போடுற, உனக்கு இது எம்மாத்திரம்?" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார் போதகர்.

களையெடுப்பவர், டீ ஆற்றுபவர், தேங்காய் உரிப்பவர் என்று எத்தனையோ பேரை அவள் பேசவைத்துப் பதிவு செய்திருக்கிறாள். அங்கெல்லாம் அவளை எக்ஸெல் மொபெட்டில் கூட்டிப்போனவர் அப்பாதான். அவரைக் கேட்டால் மட்டும், "மில்லுல நூல் சுத்துனேன், அம்புட்டுத்தான்" என்று முடித்துவிடுவார். பள்ளிக்கூடத்தை விட்டதற்கும் மில்லில் சேர்ந்ததற்கும் நடுவே சில வருஷங்கள் வெறுமையாகக் கிடந்தன. அதை அறிந்த ஒரே ஆள் அம்மா.

அப்பாவின் தங்கை ஞானரத்தினம் கையை விரித்தாள். "அண்ணன் அப்ப வீடே தங்குனதில்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் திரிஞ்சாக. வேறென்னட்டி எனக்குத் தெரியும்?"

ஜெனிலா தன் முறைப்படியே எல்லாம் செய்தாள். கூட்டத்தை வாசலுக்கு அனுப்பினாள், ஃபேனை நிறுத்தினாள், தணிந்த குரலில் கேட்டாள். அம்மா உதடு பிரிக்கவில்லை. ஒரேயொரு தடவை, காலி டம்ளர்களைப் பொறுக்க எழப் பார்த்தாள். ஞானரத்தினம் தோளை அமுக்கி உட்காரவைத்தாள். "இரிங்க மதினி. இன்னைக்கு உங்களுக்கென்ன வேலை?"

மம்சாபுரத்திலிருந்து மாலையோடு வந்த மாரிச்செல்வி பெட்டியருகே நின்று அழுதுவிட்டு, ஜெனிலாவிடம் வந்து உட்கார்ந்தாள். அவளும் பாட்காஸ்டில் பேசியவள்தான்.

"அம்மா வாயே திறக்க மாட்டேங்கா, அக்கா."

"நானும் அன்னைக்கு அப்படித்தான தாயி இருந்தேன்? நீ காத்தாடிய நிறுத்துன. ஆட்டைப் பிடிச்சு வெளிய கட்டுன. கையக் கட்டிக்கிட்டு நிம்மதியாப் பேசுங்கன்ன. எனக்கு நாக்கே எந்திரிக்கல. நீ வண்டிக்குப் போய் ஏதோ எடுத்துட்டு வாரதுக்குள்ள உங்கப்பா புளிக்கூடைய எம்முன்னால இழுத்துவச்சாக. 'நீ உம்பாட்டுக்குக் கொட்டை எடு தாயி, பேச்சு அது பாட்டுக்கு வரும்'னாக."

ஜெனிலாவுக்கு அந்தப் பதிவு ஞாபகம் இருந்தது. ஒவ்வொரு கொட்டையும் தட்டில் 'டங்'கென்று விழும். "சத்தம் வருதுப்பா!" என்று அன்றைக்கு அவள் கத்தினாள். அப்பா சிரித்தார். வன்னியம்பட்டிக்காரர் கயிறு திரித்துக்கொண்டே பேசினார், இன்னொருவர் வெற்றிலைக் காம்பு கிள்ளிக்கொண்டே பேசினார். அந்தச் சத்தங்களை நீக்க அவள் கம்ப்யூட்டரில் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆனால் சத்தம் தொடங்கிய இடத்திலிருந்துதான் பேச்சு நன்றாக இருக்கும். அதற்கு முந்தைய திக்கலையெல்லாம் அவளே வெட்டி எறிந்திருக்கிறாள்.

அம்மாவின் கைகளைப் பார்த்தாள்.

துக்க வீட்டில் அடுப்பு எரியாது. வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டு ஈஸ்வரிதான் சமைத்துக்கொண்டிருந்தாள். ஜெனிலா அங்கே போய் ஒரு முறத்தில் பூண்டு வாங்கிவந்து அம்மா முன்னால் வைத்தாள்.

"ஏட்டி, கிறுக்கு பிடிச்சிருச்சா? இன்னைக்கா அவிய கையில வேலையக் குடுப்ப? ஊரு சிரிக்கும்!"

"சிரிக்கட்டும் அத்தை."

ஜெனிலா ஒரு பல்லை எடுத்துத் தோலுரித்தாள். சற்று நேரம் கழித்துத் தங்கபாயின் கை முறத்துக்கு வந்தது. நகத்தால் முனையைக் கிள்ளி, தோலை ஒரே இழுப்பில் உரித்தாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று.

"சினிமாப் பெட்டி தூக்குனாக," என்றாள்.

ஜெனிலா நிமிரவில்லை.

"அப்ப ரெண்டு ஊருக்கும் சேத்து ஒரே பெட்டிதான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இடைவேளை விட்டதும் மொதப் பாதி ரீலை சைக்கிள்ல கட்டி ராஜபாளையத்துக்கு மிதிக்கணும். அங்க பிந்தித்தான் ஆட்டம் ஆரம்பிப்பாக. திரும்பி வாரதுக்குள்ள இங்க படம் முடிஞ்சிரும். பொறவு மிச்சத்தக் கட்டிக்கிட்டு மறுபடியும் ஓடணும். அதையும் குடுத்துட்டு அடுத்த ஆட்டத்துக்குத் திரும்பணும். உங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சா தோலை உரிச்சிருப்பாரு. சினிமாவே பாவம்ங்குற ஆளு."

"அய்யய்யோ மதினி, இதப் போயி கோயில்ல வாசிக்கவா?"

"வாசிக்கட்டும் ஞானம். இனி யாரு அவியள அடிக்கப் போறா?"

இன்னொரு பல். தோல் காற்றில் பறந்தது.

"அம்புட்டுப் படம் தூக்குன மனுசனுக்கு ஒரு படத்தோட முடிவும் தெரியாது. என்னியப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கு எல்லாரும் காப்பி குடிக்காக. இவிய என் பக்கமா வந்து, எப்பவோ தூக்குன படம் ஒண்ணச் சொல்லி, 'அதுல கடைசியில அந்தத் தங்கச்சி பிழைச்சிக்கிடுவாளா?'ன்னு கேக்காக."

நீ என்ன சொன்ன என்று கேட்க ஜெனிலாவுக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"பிழைச்சிக்கிடுவான்னு பொய் சொன்னேன். அந்த மூஞ்சியப் பாத்துட்டு வேற சொல்ல மனசு வரல."

தங்கபாயின் கன்னத்தில் நீர் இறங்கியது. அதைத் துடைக்க அவள் கையை நிறுத்தவில்லை. முறத்தில் நாலைந்து பல்தான் மிச்சம். கதை இன்னும் கல்யாணத்தை எட்டவில்லை.

ஜெனிலா ஓசைப்படாமல் எழுந்து, ஈஸ்வரி வீட்டுக்குப் போய் இன்னொரு முறம் பூண்டு வாங்கிவந்தாள்.